பிள்ளை பிறந்தால் பொறுப்பு தானாக வந்துவிடுமா? ஓர் ஆண் அப்பாவாக மாறும் கதை

"கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடுவான்." பண்ணி வைப்பார்கள், சரியாக மாட்டான். அடுத்த மருந்து தயாராக இருக்கும்: "ஒரு பிள்ளை பிறக்கட்டும், பொறுப்பு தானாக வந்துவிடும்." வேலையில் நிலைக்காதவன், குடிக்கிறவன், நண்பர்களோடு சுற்றிவிட்டு நடுராத்திரியில் கதவைத் தட்டுகிறவன், எல்லோருக்கும் ஒரே வைத்தியம். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கைபேசியில் சுற்றும் செய்திகள்: அப்பாவானால் ஆணின் ஹார்மோன் இறங்கிவிடும், மூளை சுருங்கிவிடும், ஆள் பாதியாகிவிடுவான். மூன்றாவது சினிமா. நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையைக் கையில் கொடுத்ததும் புல்லாங்குழல் ஒலிக்கும், அவன் கண் கலங்கும், அந்த நொடியிலிருந்து அவன் வேறு ஆள்.

என் மகள் பிறந்த அன்று எனக்குப் புல்லாங்குழல் எதுவும் கேட்கவில்லை. கழுத்து நிற்காத அந்த உருண்டையை எப்படிப் பிடிப்பது என்ற பயமும், கேன்டீன் மூடுவதற்குள் மாமியாருக்குக் காபி வாங்கியாக வேண்டுமே என்ற கவலையும்தான் இருந்தன. நமக்குள் ஏதோ குறை போலிருக்கிறது என்று மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அப்புறம்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன். மேலே சொன்ன மூன்று கதைகளிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் எது முன்னால் எது பின்னால் என்பதை மூன்றுமே தலைகீழாகப் பிடித்திருக்கின்றன. அதை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். உளவியல், மூளையியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## 'நான்' என்கிற இரண்டு அறை வீடு

ஒரு சின்ன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொட்டில் கட்ட வேண்டும். கூரையில் கொக்கி ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அதற்கு நேர் கீழே கட்டில். கட்டிலை நகர்த்தினால் பீரோவை நகர்த்த வேண்டும், பீரோவை நகர்த்தினால் மேசைக்கு இடமில்லை, மேசை மாடிப்படிக்குக் கீழே போகும். கதவு எண் அதேதான், சுவர் அதேதான், வீட்டுவரி ரசீதும் உங்கள் பெயரில்தான் வருகிறது. ஆனால் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் பழைய ஞாபகத்தில் நடந்துபோய் பீரோவில் முழங்காலை இடித்துக்கொள்கிறீர்கள்.

'நான் யார்' என்று நமக்குள் இருக்கும் எண்ணமும் இப்படிச் சாமான்கள் அடைந்த வீடுதான். மகன், கணவன், அண்ணன், கடையில் கணக்கர், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் என்று பல. சமூகவியலில் இவற்றைப் பங்கு அடையாளம் என்பார்கள். அதாவது, மற்றவர்களோடு உள்ள உறவில் நாம் ஏற்றுச் செய்கிற ஒரு வேலை, நாளடைவில் 'இதுதான் நான்' என்று உள்ளே ஊறிப்போவது. ஷெல்டன் ஸ்ட்ரைக்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதில் ஒரு விஷயத்தைச் சேர்த்தார்: இந்த அடையாளங்களுக்குள் வரிசை உண்டு, எது சட்டென்று முன்னால் வந்து நிற்கிறதோ அதுதான் நம் முடிவுகளை இழுத்துக்கொண்டு போகும். மாதக் கடைசி, கையில் இரண்டாயிரம் ரூபாய். புது மட்டையா குழந்தைக்குத் தடுப்பூசியா என்று ஒருவன் யோசித்து, தடுப்பூசிதான் என்று முடிவு செய்தால் அவன் நல்லவன். அந்தக் கேள்வியே அவனுக்குத் தோன்றவில்லை என்றால் வரிசை மாறிவிட்டது என்று பொருள்.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் கரோலின் கோவன், ஃபிலிப் கோவன் என்ற கணவன் மனைவி இருவரும் சேர்ந்து 1970களில் தொடங்கிய ஒரு நீண்ட ஆய்வில், முதல் குழந்தையை எதிர்பார்த்திருந்த தம்பதியரிடம் ஒரு வட்டத்தைக் கொடுத்து, 'உங்களை இதில் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுங்கள்' என்றார்கள். எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது கேள்வியில்லை, எது எவ்வளவு பெரிதாக 'நான்' என்று தோன்றுகிறது என்பதுதான் கேள்வி. குழந்தை பிறந்த பிறகும் அதே வட்டத்தைக் கொடுத்தார்கள். பெண்களின் வட்டத்தில் 'அம்மா' துண்டு மளமளவென்று பெரிதானது. ஆண்களின் வட்டத்தில் 'அப்பா' துண்டு அதைவிடச் சின்னதாக, மெதுவாக வளர்ந்தது. இருவர் வட்டத்திலும் 'கணவன்', 'மனைவி' துண்டு சுருங்கியது.

இங்கே கவனிக்க வேண்டியது, வட்டம் பெரிதாகவில்லை. காகிதம் அதே அளவுதான். புதுத் துண்டு வந்தால் ஏதோ ஒரு பழைய துண்டு இடம் விட்டாக வேண்டும், அது டீக்கடை நண்பனாக இருக்கலாம், இரண்டாம் ஆட்டம் சினிமா பார்க்கிறவனாக இருக்கலாம், மனைவியோடு வண்டியில் சும்மா சுற்றப் போனவனாகவும் இருக்கலாம். இழந்தது எதுவானாலும் கொஞ்சம் வலிக்கும். குழந்தை பிறந்த வீட்டில் ஒருவன் 'எனக்குப் பழைய நாட்கள் வேண்டும்போல் இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொன்னால் அவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். ஆனால் அது வக்கிரம் இல்லை, பீரோவில் முழங்கால் இடிப்பதுதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: புது ஆள் ஒருவன் உங்களுக்குள் குடிவரவில்லை. இருந்த ஆளின் உள்வரிசை மாறுகிறது. அந்த மாற்றம் ஆண்களிடம் மெதுவாக நடக்கிறது.

## பெயர்ப் பலகை முதலில், கட்டடம் பிறகு

உள்ளே மெதுவாக நடந்தாலும் ஊர் காத்திருக்காது. கணவன் பெயரைச் சொல்லாமல் 'என்னங்க', 'இந்தாங்க' என்று காலம் தள்ளிய மனைவிக்குக் குழந்தை பிறந்ததும் ஒரு வசதி கிடைத்துவிடும்: 'பாப்பா அப்பா', 'குமார் அப்பா'. பக்கத்து வீடு, பால்காரர், பிறகு பள்ளிக்கூட வாசல் என்று எல்லோருக்கும் அதுதான் பெயர். எங்கள் குடியிருப்புக் காவலாளிக்கு என் பெயர் இன்றுவரை தெரியாது.

இது நம் பழக்கம் மட்டும் இல்லை. அரபு நாடுகளில் 'அபூ' என்று தொடங்கும் அழைப்புப் பெயர்கள் இன்னாருடைய தந்தை என்று பொருள் தருபவை. இந்தோனேசியாவின் பாலித் தீவிலும் முதல் குழந்தை வந்ததும் தந்தையை 'பான்' சேர்த்து, குழந்தையின் பெயரால் அழைக்கும் வழக்கம் உண்டு. பிள்ளையின் பெயரால் பெற்றவரை அழைக்கும் இந்த வழக்கத்துக்கு எட்வர்ட் டைலர் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1889இல் டெக்னானமி என்று பெயர் வைத்தார். (அவருக்கு இந்த அப்பா விஷயத்தில் தனி ஆர்வம் போலிருக்கிறது. மனைவிக்குப் பிரசவம் ஆகும்போது கணவனும் படுத்துக்கொண்டு பத்தியம் காக்கும் வழக்கம் சில இனக்குழுக்களிடம் இருந்ததைப் பற்றி, கூவாட் என்ற சொல்லால், 1865இலேயே எழுதியவர் அவர்தான். பிரெஞ்சில் அடைகாப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. இப்போது மனைவிக்கு மசக்கை என்றால் தனக்கும் குமட்டுகிறது, பல் வலிக்கிறது என்று சொல்லும் கணவன்மாரின் நிலைக்கு மருத்துவர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.)

தாய்க்கு இந்த மாற்றத்தைக் குறிக்க ஒரு சொல் 1973இல் வந்தது. டேனா ராஃபேல் என்ற மானிடவியலாளர் மெட்ரசென்ஸ் என்றார், தாயாகும் பருவம் என்று சொல்லலாம். வயதுக்கு வருவது எப்படி ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லையோ, சடங்கு ஒரு நாள், மாற்றம் பல வருடம், அதுபோலத்தான் தாயாவதும் என்பது அவர் கருத்து. தந்தையாகும் பருவம் என்று ஒன்று இருப்பதாக யாராவது பேச ஆரம்பித்தது வெகு காலம் கழித்துத்தான்.

பெயர்ப் பலகை மாட்டியவுடன் கட்டடம் எழும்பிவிட்டதாக ஊர் நினைத்துக்கொள்கிறது. நர்ஸ் குழந்தையைக் கொடுத்த நொடியில் எனக்கு நடந்தது பலகை மாட்டும் விழா மட்டும்தான்.

## ஹார்மோன்: ஆறு வற்றவில்லை, மடை மாறுகிறது

இனி உடம்புக்கு வருவோம். ஹார்மோன் என்பது உடம்பின் ஒரு பகுதி ரத்தம் வழியாக இன்னொரு பகுதிக்கு அனுப்பும் ரசாயனச் செய்தி. அதில் டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆண்களிடம் அதிகம் சுரக்கும் ஒன்று. மீசை, குரல், தசை இவற்றோடு, போட்டி போடுவது, துணை தேடுவது போன்ற நடத்தைகளோடும் அதற்குத் தொடர்பு உண்டு.

பிலிப்பைன்ஸ் நாட்டில் செபூ என்ற ஊரில் இதை நன்றாகப் பரிசோதித்தார்கள். 2005இல், இருபத்தொன்று இருபத்திரண்டு வயதில் இருந்த 624 இளைஞர்களின் உமிழ்நீரில் இந்த ஹார்மோனை அளந்து வைத்துக்கொண்டு, நாலரை வருடம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி அளந்தார்கள். முடிவுகள் 2011இல் வெளிவந்தன. முதல் செய்தி பலருக்கு ஆச்சரியம் தரும்: ஆரம்பத்தில் டெஸ்டோஸ்டிரோன் அதிகம் இருந்தவர்கள்தான் பின்னால் துணையும் குழந்தையும் உள்ளவர்களாக ஆகும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. இரண்டாவது, அப்படித் தந்தையானவர்களிடம் காலை அளவு சுமார் 26 சதவீதமும் மாலை அளவு சுமார் 34 சதவீதமும் இறங்கியிருந்தன. தனியாகவே இருந்தவர்களிடம் இறக்கம் அதில் பாதிகூட இல்லை. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: தந்தையரிலும், தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களிடம் அளவு இன்னும் குறைவு, குழந்தை வேலையில் கைவைக்காத தந்தையரிடம் அவ்வளவு குறைவில்லை.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு வயல் நிறைந்ததும் மண்வெட்டியால் மடையை வெட்டி அடுத்த வயலுக்குத் திருப்புவார்கள். பழைய வாய்க்காலில் தண்ணீர் குறைவதைப் பார்த்து ஆறு வற்றிவிட்டது என்று யாரும் அலறுவதில்லை. இங்கேயும் அப்படித்தான். ஆண்மை போய்விட்டது என்று செய்தி அனுப்புகிறவர்களுக்கு ஒரே பதில், உலகத்தில் இரண்டாவது குழந்தைகள் ஏராளமாகப் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன.

இறங்குகிறது மட்டும் இல்லை, வேறு ஒன்று வேலை செய்யவும் தொடங்குகிறது. ஆக்சிடாசின் என்பது பிரசவ வலியிலும் தாய்ப்பால் சுரப்பிலும் பங்கெடுக்கும், மனிதர்களுக்கு இடையே பிணைப்போடு தொடர்புள்ள ஹார்மோன். இது தாய்க்கே உரியது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். 2010இல் இஸ்ரேலில் 80 தம்பதியரிடம், குழந்தைக்கு ஆறு வாரம் இருக்கும்போதும் ஆறு மாதம் இருக்கும்போதும் அளந்து பார்த்தபோது, தந்தையரின் அளவு தாய்மாரின் அளவுக்குச் சளைத்ததாக இல்லை. அம்மாவிடம் அது கொஞ்சுதல், தடவுதலோடு சேர்ந்து போனது. அப்பாவிடம் தூக்கி ஆட்டுவது, விளையாட்டுக் காட்டுவது போன்றவற்றோடு சேர்ந்து போனது.

## மூளை: வண்டியின் முன்னால் நிற்கும் குழந்தை

தினமும் போகிற சாலைதான். ஒருநாள் வண்டியின் முன்பக்கம் குழந்தையை நிறுத்திக்கொண்டு போகிறீர்கள் (போகக்கூடாது, ஆனாலும் போகிறோம்). திடீரென்று அந்தச் சாலையில் எத்தனை பள்ளம், எத்தனை நாய், தண்ணீர் லாரிக்காரன் எப்படி வளைகிறான் என்பதெல்லாம் தெரிகிறது. நேற்றும் இருந்தவைதான். கண்ணில் பட்டதில் எது முக்கியம் என்று மூளை போடும் வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மூளைக்குள் அமிக்டலா என்ற ஒரு பகுதி இருக்கிறது. பாதாம் பருப்பு வடிவம், பெயருக்கும் கிரேக்கத்தில் பாதாம் என்றுதான் அர்த்தம். ஆபத்து மணி என்று வைத்துக்கொள்ளலாம். 2014இல் ஐயல் ஆபிரகாம், ரூத் ஃபெல்ட்மன் முதலியோர் இஸ்ரேலில் செய்த ஆய்வில், முதன்முறை பெற்றோரான 89 பேருக்கு, அவர்கள் தம் குழந்தையோடு இருக்கும் காணொளியைக் காட்டிக்கொண்டே மூளையை ஸ்கேன் செய்தார்கள். குழந்தையை முதன்மையாகப் பார்த்துக்கொண்ட தாய்மாரிடம் இந்த மணி பலமாக அடித்தது. மனைவிக்கு உதவியாக இருந்த தந்தையரிடம் மணியைவிட, எதிராளி மனதில் என்ன இருக்கிறது என்று கணிக்கும் வேறொரு பகுதிதான் அதிகம் வேலை செய்தது. இதோடு நின்றிருந்தால் 'ஆண் வேறு பெண் வேறு' என்று முடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மூன்றாவதாக ஒரு குழு இருந்தது: இரண்டு ஆண்கள் இணையராக, வீட்டில் தாய் இல்லாமல் குழந்தை வளர்க்கும் 48 தந்தையர். ராத்திரி எழுவதிலிருந்து எல்லாமே அவர்கள் பொறுப்பு. அவர்கள் மூளையில் தாய்மார்போல மணியும் அடித்தது, தந்தையர்போலக் கணிக்கும் பகுதியும் வேலை செய்தது. அந்த இரண்டு பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பு, தந்தை குழந்தையோடு நேரடியாகச் செலவிட்ட நேரத்தோடு சேர்ந்தே கூடியிருந்தது.

இதற்குக் கர்ப்பம் தேவைப்படவில்லை, பிரசவ வலி தேவைப்படவில்லை. பார்த்துக்கொண்டது போதுமானதாக இருந்தது.

சரி, மூளை சுருங்கும் கதை? அதற்கும் ஒரு வேர் இருக்கிறது. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்பெயினிலும் கலிஃபோர்னியாவிலுமாக 40 ஆண்களின் மூளையைக் குழந்தை பிறப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்தார்கள். மூளையின் மேலடுக்கில் சில பகுதிகள் ஒன்று இரண்டு சதவீதம் குறைந்திருந்தன, குழந்தையில்லாத 17 ஆண்களிடம் அப்படிக் குறையவில்லை. தாய்மாரின் மூளையில் இந்தக் குறைவு இதைவிடத் தெளிவாகவே தெரிகிறது. மல்லிகை வளர்ப்பவர்களுக்குக் கவாத்து என்ற சொல் தெரியும். வேண்டாத கிளைகளை வெட்டிவிட்டால்தான் புதுத் தளிர் விட்டுப் பூக்கும். ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குறைவை அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள், ஒரு வேலைக்காக இணைப்புகள் சீராக்கப்படுகின்றன என்று. ஆனால் நாற்பது பேர் என்பது ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை. அதை வைத்துக்கொண்டு உலகத்து ஆண்கள் எல்லோரைப் பற்றியும் அடித்துப் பேசுவதற்கில்லை.

எங்கள் வீட்டில் இது எப்படித் தெரிந்தது என்றால், மகளுக்கு ஏழாவது மாதம், அவளும் மனைவியும் மாமியார் வீட்டிலிருந்து திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தேன். மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "அவ இன்னும் அழவே இல்லையே, நீங்க எதுக்கு எழுந்தீங்க?" எனக்கும் தெரியவில்லை. ஒரு நிமிடம் கழித்துத் தொட்டில் அசைந்தது. இடி விழுந்தாலும் எழாதவன் என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த ஆள் நான்.

புது இரும்புத் தோசைக்கல்லைக் கடையிலிருந்து கொண்டுவந்த அன்றே தோசை எடுக்க வராது. எண்ணெய் தடவி, சூடாக்கி, வெங்காயத்தை வைத்துத் தேய்த்து, முதல் நாலைந்து தோசைகளைப் பிய்த்துப் பிய்த்து எடுத்து, அதற்கப்புறம்தான் கல் பழகும். கல் மாறியதா? இரும்பு அதேதான். ஆனால் மேலே ஒரு பூச்சு ஏறியிருக்கிறது, அது உபயோகத்தால் மட்டுமே ஏறும். ஹார்மோன் ஆய்வும் மூளை ஆய்வும் வேறு வேறு பாதையில் வந்து ஒரே இடத்தில் நிற்பது இங்கேதான்: குழந்தை பிறப்பது கல்லை வாங்குவது, தினமும் குளிப்பாட்டுவதும் தூக்கிச் சுமப்பதும் கல்லைப் பழக்குவது.

## விருந்தாளி அப்பா

இப்போது நம் வீடுகளின் ஏற்பாட்டைப் பாருங்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். தலைப்பிரசவம் அங்கேதான். குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் கணவன் வீட்டுக்குத் திரும்புவாள். பெண்ணுக்கு இது நல்ல ஏற்பாடு, சந்தேகமே இல்லை. தன் அம்மா பக்கத்தில் இருக்கிறாள், பத்தியச் சாப்பாடு, ஓய்வு, மாமியார் கண்ணுக்கு முன் இல்லாத நிம்மதி. இதை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் அப்பாவுக்கு? நான் வேலை பார்த்தது கோவையில், மாமியார் வீடு திண்டுக்கல் பக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, ஞாயிறு மதியம் திரும்புவேன். போய் இறங்கினதும் தலைவாழை இலை. குழந்தை அழுதால் நான் எழுவேன், நான் எழுவதற்குள் மாமியார் எழுந்திருப்பார்: "நீங்க உக்காருங்க மாப்பிள்ளை, நாங்க பார்த்துக்கறோம்." அன்பாகச் சொன்னதுதான். துணி மாற்றப் போனால் மச்சினிச்சி சிரித்துவிடுவாள். குழந்தையின் கையை ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்புவேன். ஐந்து மாதம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மனைவி கைதேர்ந்தவளாக இருந்தாள். நான் முதல் நாள் தோசைக்கல்லாக இருந்தேன். குழந்தையை நான் வாங்கினால் வீறிட்டு அழும், உடனே யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள், வாங்கிக்கொள்வதால் எனக்குப் பழகாது, பழகாததால் அது மறுபடி அழும். பல ஆண்கள் இந்தச் சுழலிலேயே நின்று, 'எனக்கு இதெல்லாம் வராது' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். துபாயிலும் கத்தாரிலும் இருக்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். குழந்தை ஒன்றரை வயதில் விமான நிலையத்தில் முதன்முதலாக நேரில் பார்த்து, பயந்து, அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

சட்டமும் அப்பாவை விருந்தாளியாகத்தான் பார்க்கிறது. மகப்பேறு விடுப்பு 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம். தந்தைக்கு, அவர் மத்திய அரசு ஊழியராக இருந்தால், 15 நாள். தனியார் நிறுவன ஊழியருக்கு விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லை, முதலாளி மனது வைக்க வேண்டும். ஸ்வீடன் 1974இலேயே தாய் தந்தை இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பைக் கொண்டுவந்தது. அப்படியும் ஆண்கள் அவ்வளவாக எடுக்கவில்லை, மனைவிக்கே விட்டுக்கொடுத்தார்கள். 1995இல், ஒரு மாதம் தந்தைக்கு மட்டும், அவர் எடுக்காவிட்டால் போய்விடும் என்று வைத்த பிறகுதான் எடுக்க ஆரம்பித்தார்கள். தாமாக வராத பழக்கம் ஒரு விதியால் வந்தது.

## எரிச்சலாக வரும் சோர்வு

இந்த மாற்றம் எல்லோருக்கும் இதமாக நடப்பதில்லை. பிரசவத்துக்குப் பின் தாய்க்கு வரும் மனச்சோர்வு பற்றி இப்போது ஓரளவு பேசுகிறோம். மனச்சோர்வு என்பது இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடிக்கும் வெறுமை, எதிலும் பிடிப்பின்மை, தூக்கமும் பசியும் தாறுமாறாவது போன்றவை சேர்ந்த ஒரு நோய்நிலை. அது அப்பாக்களுக்கும் வரும். 43 ஆய்வுகளில் இருந்த 28,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்து 2010இல் வெளியான ஒரு கணக்கில், தந்தையரில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருந்தது. குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் காலத்தில்தான் அதிகம்.

ஆண்களிடம் இது பெரும்பாலும் அழுகையாக வருவதில்லை. எரிச்சலாக வரும், காரணமில்லாமல் ஆபீஸிலேயே எட்டு மணி வரை உட்காருவதாக வரும், கைபேசிக்குள் புதைவதாக, குடியாக வரும். வீட்டில் உள்ளவர்கள் 'குழந்தை பிறந்தும் திருந்தவில்லை' என்று திட்டுவார்கள். அந்தத் திட்டு அவனை இன்னும் வெளியே தள்ளும். நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ இந்த நிலையில் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

## அப்படியானால் பொறுப்பு?

குழந்தை பிறந்ததால் குடி நிற்காது. கோபக்காரன் கோபக்காரனாகவே இருப்பான், தூக்கம் கெடுவதால் ஆரம்பத்தில் கொஞ்சம் கூடுதலாகவே. அடையாளம் வேறு, சுபாவம் வேறு. பீரோவும் கட்டிலும் இடம் மாறினாலும் சுவரில் உள்ள விரிசல் மூடிக்கொள்ளாது.

பொறுப்பு என்று நாம் சொல்வதில் சம்பாதித்துக் கொண்டுவந்து கொட்டுவது ஒன்று. அதைப் பலர் உடனே செய்துவிடுகிறார்கள், இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை பார்க்கிறார்கள், அதையே அப்பாவாக இருப்பதன் முழு வேலையாக நினைக்கவும் செய்கிறார்கள். தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் மேலே பார்த்த ஹார்மோனும் மூளையும் சம்பளச் சீட்டைப் பார்த்து மாறியதாகத் தெரியவில்லை. ஒருவனைத் திருத்துவதற்காகக் குழந்தை பெற்றுக்கொள்ளச் சொல்கிறவர்கள், குழந்தை பிறந்ததும் அதை அவன் கையில் கொடுக்காமல் 'உனக்கு ஒன்றும் தெரியாது, தள்ளிப் போ' என்று வாங்கி வைத்துக்கொள்வதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

## என் அப்பாவிடம் கேட்டது

தந்தையானவர்கள் பலர் சொல்லும் இன்னொரு மாற்றம், தம் அப்பாவைப் பற்றிய பழைய கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. சிலருக்கு அதில் கோபம் குறைகிறது, சிலருக்கு 'இந்தச் சின்ன ஜீவனை எப்படி அடிக்க முடிந்தது இவரால்' என்று கோபம் கூடுகிறது.

என்னை நீங்கள் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லையே அப்பா என்று ஒருநாள் கேட்டேன். கேட்கும்போதே குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "எங்கம்மா எதிர்ல பெத்த பிள்ளைய எப்படிடா தூக்கிக் கொஞ்சுறது? கூட்டுக் குடும்பம். அண்ணன் பிள்ளைங்கள தூக்கலாம், நம்ம பிள்ளைய நாமே தூக்கினா வெட்கம் கெட்டவன்னுவாங்க. நீ தூங்கினதுக்கு அப்புறம் வந்து பார்ப்பேன்." அவருக்கும் ஒரு "நாங்க பார்த்துக்கறோம்" இருந்திருக்கிறது, என்னுடையதைவிடப் பெரியதாக, பல வருடங்களுக்கு.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, மனைவி காய்ச்சலில் படுத்திருந்தாள். நான் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்தபோது அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினார். பேத்தியைக் காலில் படுக்க வைத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற அறுபத்து நாலு வயது மனிதர், என்னிடம் கேட்டார்: "தலையில ஊத்தும்போது கண்ணுல போகாம நெத்தியில கையை இப்படித்தானே வைக்கணும்?"

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வைங்கப்பா. அணை கட்டுற மாதிரி."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "சுவாமிமலை உபதேசம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் சாப்பிட வாங்க, இட்லி ஆறுது."